மகள் கூழ்ப் பொதி விற்கப் போகிறாள் என்று பயப்படும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

“உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளை, கம்பஸ் கிடைத்தாலும் போகமாட்டேன், ஒடியற்கூழ் மா பொதி செய்து விற்கப் போகிறேன் என்கிறாள். விடுவதா, மறிப்பதா?” என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் குரலில் இருந்த பயம் எனக்கு விளங்குகிறது. இடம்பெயர்வுகளுக்குள்ளும் பிள்ளைகளின் கொப்பியைக் கைவிடாமல் காவித் திரிந்த தாய்மார் நிறைந்த ஊர் இது. அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். பல்கலைக்கழகம் ஒன்று, கூழ்ப் பொதி இன்னொன்று. பெறுபேறு வந்ததும் அனுமதி விண்ணப்பத்தை அவள் நிரப்பத்தான் வேண்டும். இதில் நான் அவள் பக்கம் நிற்க மாட்டேன். இசட் புள்ளியை, அதாவது பெறுபேற்றிலிருந்து கணிக்கும் தரப்படுத்தல் புள்ளியை, வைத்துக் கிடைக்கும் இடத்தை, நினைத்த நேரத்தில் திரும்பப் போய்க் கேட்க முடியாது. போவதா இல்லையா என்பதை இடம் கிடைத்த பிறகு முடிவு செய்யலாம். அதுவரைக்கும் கையில் சில மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களை அவளுக்குக் கொடுங்கள். சும்மா கொடுக்க வேண்டாம், ஒரு கணக்கோடு கொடுங்கள்.

அவளுடைய யோசனையில் சத்து இருக்கிறது. ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்குதானே; அந்தக் கிழங்கு நம் பாத்தியில் கிடைக்கிறது. கூழ் காய்ச்ச ஆசைப்பட்டும் எங்கே தொடங்குவது என்று தெரியாத இளம் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலேயே நிறைய. ஆனால் ஒடியல் மாவில் ஒரு சங்கதி உண்டு. உங்களுக்கும் எனக்கும் அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கைப்புத் தண்ணீரை இறுத்த பிறகுதான் கூழில் கரைக்க வேண்டும். பொதியை வாங்கும் புதுப்பெண்ணுக்கு அது தெரியாது. சூப்பு மா மாதிரி நேரே கொதிநீரில் கொட்டுவாள். கூழ் கைக்கும். இரண்டாவது பொதியை வாங்க மாட்டாள்.

ஆகவே பெயர், லோகோ, முகநூல் பக்கம் எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் செய்ய வேண்டியது ஒன்று. இருபது பொதி கட்டட்டும். சொந்தக்காரர் அல்லாத, கூழ் காய்ச்சிப் பழக்கமில்லாத இருபது வீடுகளுக்கு விற்கட்டும். இலவசமாகக் கொடுக்கக் கூடாது; காசு கொடுத்தவர்தான் உள்ளதைச் சொல்வார். சித்தியும் மாமியும் “நல்லாயிருக்கு பிள்ளை” என்றுதான் சொல்வார்கள், அதை நம்பிப் பொதி கட்ட முடியாது. அந்த இருபதில் நாலைந்து வீட்டுக் குசினியில் அவர்கள் காய்ச்சும்போது அவள் பக்கத்தில் நிற்கட்டும், வாய் திறக்காமல். எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் எப்போது போடுவது என்று கேட்கிறார்களா, பழப்புளி எவ்வளவு கரைக்கிறார்கள் என்று கொப்பியில் எழுதட்டும். முக்கியமாக, ஒரு மாதத்துக்குப் பிறகு யார் தாமாகவே கூப்பிட்டு இன்னொன்று கேட்கிறார்கள் என்று பார்க்கட்டும். இருபதில் ஐந்து பேர் கேட்டால் நான் சந்தோசப்படுவேன். ஒருவரும் கேட்காவிட்டால், இருபது பொதிக் காசோடு ஒரு பெரிய பாடம் முடிந்துவிடும்.

அடுத்தது கணக்கு. பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். விளங்குவதற்காக ஒரு கணக்கு வைப்போம். மா, செத்தல் மிளகாய்த்தூள், பை, சுட்டி (லேபல்), காஸ், பஸ் காசு எல்லாம் சேர்த்து ஒரு பொதிக்கு 210 ரூபா முடிகிறது. 300 ரூபாவுக்கு விற்கிறாள். 90 ரூபா லாபம் என்று நினைப்பாள். கடைக்காரர் தன் பங்காக 60 ரூபா எடுப்பார். கைக்கு வருவது 240. 100 பொதி கொடுத்ததில் 10 திகதி முடிந்து திரும்பி வந்தால், 90 பொதிக்கு 21,600 ரூபா. செலவோ 21,000. மிச்சம் 600 ரூபா. நாலு நாள் நின்று வறுத்து, அளந்து, ஒட்டிய அவளுடைய உழைப்புக்கு இன்னும் ஒரு சதமும் போடவில்லை. அதே 90 பொதியை நேரே வீடுகளுக்கு விற்றிருந்தால் 6,000 மிஞ்சியிருக்கும். ஆகவே முதல் மாதங்களில் கடைக்குப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். இந்தக் கணக்கை அவளே தன் கையால், தன்னுடைய விலைகளோடு போட வேண்டும். நீங்கள் போட்டுக் காட்டினால் அது அவளுக்கு மறிப்பாகத்தான் தெரியும்.

மார்கழி, தையில் கிழங்கு கிண்டிக் காயவைக்கும் காலத்தில் ஒடியல் தாராளமாக வரும். பிறகு குறையும், விலை ஏறும். வருடம் முழுக்க ஒரே விலைக்குக் கிடைக்கும் என்று கணக்கு எழுதினால் பிழையாகிவிடும்.

கனடாவில் இருக்கும் பெரியப்பா 10 இலட்சம் அனுப்புகிறேன் என்று சொன்னதாகவும் சொன்னீர்கள். பாசத்தோடு சொல்லியிருப்பார், அதில் ஐயமில்லை. ஆனால் இப்போது வாங்க வேண்டாம், அம்மா. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம், மகனின் தொழிலுக்கென்று வெளிநாட்டு மாமா அனுப்பிய காசு வந்த வேகத்தில் உலர்த்தும் இயந்திரம் வாங்கியது. வாங்குபவர்களைத் தேடியது அதற்குப் பிறகுதான். அந்த இயந்திரம் கோடிப்புறத்தில் தறப்பாளால் மூடிக் கிடக்கிறது. அந்தப் பையன் மாமாவின் அழைப்பு வந்தால் போனைத் தூக்குவதில்லை. காசைவிட உறவு போனதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. நகையை அடகு வைப்பதும் சீட்டை முன்கூட்டி எடுப்பதும் இதே வரிசைதான். முதல் இருபது பொதிக்கு அவளுடைய உண்டியல் காசு போதும்.

பதிவு, அனுமதி பற்றிக் கலங்க வேண்டாம். தனிநபர் வியாபாரப் பெயரை உங்கள் பிரதேச செயலகத்திலேயே பதியலாம்; கிராம அலுவலரை முதலில் பாருங்கள். வரையறுத்த கம்பனி என்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வருவது, அது இப்போது தேவையில்லை. ஆனால் இது சாப்பாடு. பரீட்சார்த்தமாக விற்பதற்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய்க் குசினியைக் காட்டிப் பேசுங்கள். அவரைக் கண்டு ஒளிக்கத் தேவையில்லை, ஈரம், பூஞ்சணம், சுட்டியில் என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லித் தருவார். நிறை, சேர்மானம், உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், முகவரி, அதோடு ஊறவிடும் முறை பெரிய எழுத்தில். இறாலைப் பொதிக்குள் போடும் ஆசையை இப்போதைக்கு விடச் சொல்லுங்கள்; கெட்டுப் போனால் யோசனை முழுவதும் கெட்டுப் போகும்.

கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. மாவின் தரம், கைப்பு நீக்குவது பற்றி அவள் போய்க் கேட்க வேண்டிய இடம் அதுதான். பிரதேச செயலகத்தோடு சேர்ந்து, சிறுதொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையத்திலும் விசாரிக்கலாம். தனியாகப் போகட்டும். நீங்கள் கூடப் போனால் உங்களோடுதான் கதைப்பார்கள்.

கடைசியாக, கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு விஷயங்களை அவளே எழுதட்டும்: எவ்வளவு காசு போனால் நிறுத்துவது, எந்தத் திகதியில் கணக்குப் பார்ப்பது. அந்தத் திகதி வரும்வரை நீங்கள் “என்ன, வித்துதா?” என்று ஒவ்வொரு நாளும் கேட்கக் கூடாது. இது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கட்டிய பொதி ஒன்றும் கொப்பியும் கொண்டு வரட்டும். நானும் கூழ் காய்ச்சிப் பழக்கமில்லாதவன்தான். என் வீட்டுக் குசினியை முதல் வீடாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். காசு கொடுத்துத்தான் வாங்குவேன். பெரியப்பாவுக்கு மனம் நோகாமல் என்ன பதில் சொல்வது என்பதையும் அன்றைக்கே இருந்து கதைப்போம்.