தைம் கம்பளம் கேட்கிறவர்களுக்கு

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தரையோடு படரும் தைம் என்கிற வாசனைச் செடியைப் பற்றித்தான். எல்லாரும் ஒரே வீடியோவைப் பார்த்தீர்களோ என்னவோ.

கீழக்கரையிலிருந்து: வீட்டு முன்னால் பத்துக்குப் பத்து அடி இடம். ஆன்லைனில் விதை வாங்கிவிட்டேன், தூவினால் கம்பளம் மாதிரி பூக்குமா?

பூக்காது அக்கா. அது ஐரோப்பாவில் காய்ந்த புல்வெளியிலும் பாறைச்சரிவிலும் வளர்கிற செடி. வெயில் வேண்டும், மணல் கலந்த மண் வேண்டும், இதுவரைக்கும் நம்ம ஊர்தான். ஆனால் ராத்திரி குளிர வேண்டும், காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். மே மாதம் ராத்திரி பதினோரு மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டுகிற ஊரில் அதற்கு எங்கே போவது?

நானும் பட்டவன்தான். ஆவணியில் பன்னிரண்டு நாற்று வைத்தேன், ஐப்பசி வரைக்கும் அழகாகப் படர்ந்தது, நாலு நாள் அடைமழை விட்டதும் போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் பச்சை, நடுவில் விரலால் விலக்கினால் தண்டு கறுத்து நூல் மாதிரி இற்றுக் கையோடு வருகிறது. ஓம வாசனை மட்டும் பாக்கி. (ஓமத்தில் இருக்கிற தைமால் என்கிற வாசனைப் பொருள்தான் தைமிலும் இருக்கிறது.)

இன்னொன்று, விதை பாக்கெட்டில் பூ நீலமாக இருந்தால் ஏமாந்துவிட்டீர்கள். தைம் பூ ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளைதான். மலையே ரோஜா நிறமாகத் தெரிகிற படங்கள் பல, ஜப்பானில் சிபசகுரா என்கிற வேறொரு செடியுடையவை.

ராமநாதபுரத்திலிருந்து: தொட்டியிலாவது வருமா?

வரும், ஆசைக்கு ஒன்று வையுங்கள். அகலமான மண்தொட்டி, பாதிக்குப் பாதி ஆற்றுமணலும் பொடிச்சரளையும், தொழுஉரம் ஒரு கை போதும். விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் மண் போட்டு மூடாதீர்கள், மேலே தூவி லேசாக அழுத்தித் தண்ணீரைத் தெளித்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். மார்கழி, தையில் தொடங்குங்கள். மழையில் தாழ்வாரத்துக்குள், கோடையில் காலை வெயில் மட்டும். விதையிலிருந்து வந்தது பெரும்பாலும் அடுத்த வருஷம்தான் பூக்கும்.

மண்டபத்திலிருந்து: போர் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஊற்றலாமா?

அது போர் தண்ணீரைவிட உப்பு. வேண்டாம்.

தேவிபட்டினத்திலிருந்து: அப்போ தரையை மூட என்னதான் நடுவது?

பொடுதலை. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, கண்மாய்க் கரையில் காலடியில் கிடக்கிறது. குனிந்து பாருங்கள், கருஞ்சிவப்பான ஒரு சின்னக் குமிழைச் சுற்றி வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூ வளையம் கட்டியிருக்கும், வளையம் மேலே ஏற ஏற குமிழ் நீளும். கணுவுக்குக் கணு வேர் விடும். ஓரளவு உப்பைத் தாங்கும், நடந்தாலும் தாங்கும். சாண் நீளத் துண்டு, சாண் இடைவெளி, புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் மழை பார்த்துக்கொள்ளும். எனக்குத் தை பிறக்கும்போது இடைவெளி மூடிவிட்டது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தண்ணீர் விடாவிட்டால் பழுப்படிக்கும், அப்புறம் பக்கத்துப் பாத்திக்குள்ளும் நுழையும், ஓரத்தில் செங்கல் பதியுங்கள்.

வெறும் கடல்மணல் என்றால் அடும்பு, தனுஷ்கோடி வழியில் மணல்மேட்டில் ஓடுகிறதே, அதேதான். பூ பெரிசு, கொடியும் பெரிசு, வீட்டு வாசலுக்கு ஆகாது, வேலி ஓரத்துக்குச் சரி. நிறம் வேண்டும் என்றால் பத்துமணிப்பூ. ஆனால் மிதித்தால் நொறுங்கும்.

சாயல்குடியிலிருந்து: நர்சரியில் மஞ்சள் பூ வெடேலியா வாங்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்த கொடி, தண்ணீர் கண்டால் வாய்க்கால் வரைக்கும் ஓடும். சீமைக்கருவேலத்தோடு நாம் படுவது போதாதா?

ஏர்வாடியிலிருந்து: பொடுதலை வைத்தேன், மாமியார் களை என்று பிடுங்கிவிட்டார்.

பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவது இந்த இலையில்தான் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சின்ன பாட்டில் காய்ச்சிக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. மறுபடி ஊன்றும்போது பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், பூத்தால் தேனீ வரும்.