ஊக்கி போடாத முகவையிலும் நீலம் வெளுக்குதா?

தங்கச்சி, வந்தாறுமூலை வெயிலில வச்சா, ஒளியில சாயத்தைச் சிதைக்கிற ஊக்கியான தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூள் போடாத முகவையிலும் மெதிலீன் நீலச் சாயம் வெளுக்குது, சேர்ட குழுக் கூட்டத்தில என்ன சொல்றது எண்டு கேட்டிருந்தீங்க. பயப்படாதீங்க. அந்தச் சாயமே 664 நனோமீற்றர் பக்கம் ஒளியை உறிஞ்சும், வெயிலில தானாவும் கொஞ்சம் சிதையும். மறைக்காம தனி வளையியா வரைஞ்சு காட்டுங்க.

எனக்குச் சந்தேகம் ஊக்கி போட்ட மற்ற முகவையிலதான். ஊக்கித் தூளில சாயம் சும்மா ஒட்டினாலும் கரைசல் வெளுக்கும். அதனால வெயிலுக்குக் கொண்டுபோக முதல், ஈயத்தாள் சுத்தி இருட்டில அரை மணித்தியாலம் கலக்குங்க, ஒட்டுறது அங்கயே முடியட்டும். அதுக்குப் பிறகு எடுக்கிற அளவீட்டையே தொடக்கமா எடுங்க. ஒவ்வொரு மாதிரியையும் மையநீக்கியில வேகமாச் சுத்தித் தூளை அடியில இறக்கி, மேல நிக்கிற தெளிஞ்ச கரைசல்ட ஒளி உறிஞ்சலை மட்டும் அளங்க, தூள் மிதந்தா வாசிப்பு கூடிக் காட்டும்.

ரெண்டு முகவையையும் ஒரே நேரம் பக்கத்துல பக்கத்துல வைங்க. மார்கழி முகிலை நம்பேலாது.