முக்கால்வாசிச் சரக்கும் ஒரே ஆளுக்கா?

அன்புள்ள ஐயா,
நானும் தங்கையும் சிந்தாமணியில் புதிதாக அப்பளக் கம்பெனி ஆரம்பித்திருக்கிறோம். எட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஆன்லைன் மளிகை நிறுவனம் ஒன்று, தங்கள் பெயரில் போட்டுத் தரச் சொல்கிறது. எங்கள் சரக்கில் முக்கால்வாசியை எடுத்துக்கொள்வார்களாம். பணம் 90 நாளில். சேரலாமா?
வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகச் சேருங்கள். முக்கால்வாசிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்டரை நிறுத்த அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். உளுந்துக் கடைப் பாக்கியும் எட்டுப் பேர் கூலியும் உங்கள் தலையில்தான் விழும். பாதிக்கு மேல் வேண்டாம். கீழமாசி வீதிக் கடைகளுக்கு உங்கள் பெயரிலேயே சரக்குப் போகட்டும், லாபம் குறைந்தாலும்.

90 நாள் சட்டப்படி செல்லாது. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வாங்கி விற்பவர்களுக்கு இது கிடையாது. நீங்கள் உற்பத்தி செய்கிறீர்கள், அதனால் உண்டு. கையெழுத்துப் போடுமுன், குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முடித்துவிடுங்கள். அதற்குக் கட்டணமில்லை.

ஆர்டர் தருகிறவர்மேல் யாரும் லேசில் புகார் கொடுப்பதில்லை என்பதும் தெரியும். அதனால் ட்ரெட்ஸ் என்ற ஆன்லைன் பில் தளத்தில் எங்கள் பில்லை ஏற்பீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்ட பில்லுக்கு வங்கி, தள்ளுபடி பிடித்துக்கொண்டு உங்களுக்கு முன்பே பணம் தந்துவிடும். விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் அதில் பதிவு செய்தே ஆக வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாமல் அப்பளம் காயாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேட்ட அளவு வராவிட்டால் அபராதம் என்று இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அந்த இரண்டு மாதத்துக்கும் அளவைக் குறைத்து எழுதி வாங்குங்கள். இந்த ஒரு ஆர்டரை நம்பிக் கடனில் டிரையர் வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, கவர். அவர்கள் பெயர் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சு உருளை (சிலிண்டர்) செய்ய வேண்டும். அச்சகத்தில் ஒரேயடியாக மொத்தமாகத்தான் அடித்துத் தருவார்கள். ஆர்டர் நின்றுபோனால் அந்தக் கவரில் உங்கள் அப்பளத்தைப் போட்டு விற்க முடியாது. சிலிண்டர் செலவும் மிஞ்சும் கவரும் அவர்கள் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், முதல் ஆறு மாதம் வெறும் கவரில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள்.