வாசகர் கேள்வி – பதில்: தூத்துக்குடியில் மகள் வீடு

கேள்வி: என் மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. முழுவதும் வடியப் பல நாட்கள் ஆயின. வீட்டை விற்றுவிட்டு மதுரைக்கே வந்துவிடச் சொல்வதா, அங்கேயே உயர்த்திக் கட்டச் சொல்வதா? கடலோர நகரத்து மக்கள் இதை எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?
– ஒரு வாசகி, செல்லூர், மதுரை

பதில்: முதலில், வீட்டுக்குள் வந்தது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடிப் பகுதியை மூழ்கடித்தது கடல் அன்று. மழையும், கரை உடைந்த குளங்களின் நீரும்தான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. மதுரைக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம்.

வந்த நீர் ஏன் வடியவில்லை என்பதைச் செல்லூரில் இருக்கும் உங்களுக்கு விளக்குவது எளிது. உங்கள் கண்மாய் நிறைந்தால், மறுகால் நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகையில் சேர வேண்டும். வாய்க்காலின் கொள்ளளவை மிஞ்சினால், 2024 அக்டோபரில் கண்டதுபோல, தெருவில் ஏறுகிறது. ஆயினும் வாய்க்காலைச் சீர்செய்தால் நீர் இறங்கிப் போவதற்குக் கீழே ஆறு இருக்கிறது. கடலோர ஊருக்கோ கீழே இருப்பது கடல் மட்டுமே. ஓதம், அதாவது கடலின் நீர்மட்ட ஏற்றம், உயர்ந்திருக்கும் நேரத்தில் வடிகாலின் வாயை அதுவே அடைத்துக்கொள்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, இன்னும் உயரும் என்பதால், இன்று வடிகிற நீர் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் இதே வேகத்தில் வடியாது.

நெதர்லாந்தில் 1953-ஆம் ஆண்டு கடல்வெள்ளத்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதன்பின் அவர்கள் பெரும் தடுப்புகளைக் கட்டினார்கள். ரோட்டர்டாம் அருகே புயல் நேரத்தில் மூடிக்கொள்ளும் ராட்சதக் கதவுகள் 1997-இல் வந்தன. அத்தனையும் கட்டிய பிறகு, கரையை உயர்த்திக்கொண்டே போக முடியாது என்று அவர்களே உணர்ந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நைமேகன் நகரில் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, அங்கிருந்த ஏறத்தாழ 50 வீடுகளை அகற்றி, ஆற்றுக்கு இன்னொரு கால்வாய் வெட்டினார்கள்.

இடம்பெயர்வதற்கும் முன்னுதாரணங்கள் உண்டு. 2012-இல் வீசிய சாண்டி புயலுக்குப் பிறகு, நியூயார்க்கின் ஓக்வுட் பீச் பகுதியில் விருப்பப்பட்டவர்களின் வீடுகளைப் புயலுக்கு முந்தைய விலைக்கே அரசு வாங்கி, நிலத்தை வெறுமையாக விட்டது. நமக்கு அருகே தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலுக்குப் பின் வாழத் தகுதியற்ற ஊராக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்தார்கள், ஏனெனில் அவர்கள் தொழில் அங்கேதான் இருந்தது. பிழைப்புக்கு வழி சொல்லாமல் மக்களைக் கடலிலிருந்து விலக்குவது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் மருமகனின் தொழிலும் அந்த ஊரில்தான் என்றால், மதுரைக்கு வரும்படி வற்புறுத்த வேண்டாம். வீடு மனையாவதற்கு முன் அந்த நிலம் என்னவாக இருந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். குளத்தின் உள்வாயாகவோ (நீர் தேங்கும் பகுதியாகவோ) ஓடையாகவோ இருந்திருந்தால், எவ்வளவு உயர்த்தினாலும் தண்ணீர் அதைத் தேடி வரும். அதே ஊரில் மேடான தெருவுக்கு மாறுவது நல்லது. வெறும் பள்ளம்தான் என்றால், ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தலாம். மின்மீட்டரையும் சுவிட்சுப் பெட்டியையும் 2023-இல் நீர் நின்ற தடத்துக்கு மேலே மாற்றலாம். ஒன்றைத் தெருவாசிகள் சேர்ந்தே கேட்க வேண்டும்: பழைய தாரைச் சுரண்டி எடுத்த பின்பே புதுச்சாலை போட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு முறையும் சாலை உயர, உயர்த்திக் கட்டிய வீடும் மறுபடி பள்ளமாகும்.

கேள்வி: எவ்வளவு நீர் வந்தாலும் பெரிய மோட்டார்களை வைத்து இறைத்துவிட முடியாதா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ஓரளவு முடியும். ஆனால் புயல் இரவில் மின்சாரம் இருக்க வேண்டும். இறைக்கும் நீரை விட ஓரிடமும் வேண்டும். ரோட்டர்டாமில் 2013-இல் ஒரு பொதுத்திடலையே பள்ளமாக அமைத்தார்கள். வெயில் காலத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மழை கொட்டும்போது அது நீரைத் தேக்கிக்கொள்கிறது. நிலத்தடியிலிருந்து அளவின்றி இறைப்பது வேறு வகையில் ஆபத்தானது. ஜகார்த்தாவின் வடபகுதி, ஆழ்துளைக் கிணறுகளால் நிலம் அமிழ்ந்து, சில இடங்களில் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. கடலோர நகரங்களில் வெள்ள நீரை இறைக்கும் மோட்டாரைவிட, வீட்டுக்கு வீடு ஓடும் ஆழ்குழாய் மோட்டாரைப் பற்றித்தான் நாம் முதலில் கவலைப்பட வேண்டும்.