ரிசீவரை விட்டுத் தனி ஆம்ப்புக்குப் போகலாமா? – கேள்வி பதில்

கே: ஹாலில் 7.1 ஹோம் தியேட்டர் ரிசீவர் (ஏழு ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் பெட்டி) ஓடுகிறது. பெட்டியில் சேனலுக்கு 150 வாட் என்று போட்டிருக்கிறது. 6 ஓம், 88 டெசிபல் டவர் ஸ்பீக்கர்கள். "தனி பவர் ஆம்ப் போட்டால்தான் ஸ்பீக்கர் வாயைத் திறக்கும்" என்கிறார் கடைக்காரர். போடலாமா? – கோவை

ப: முதலில் அந்த 150 வாட்டைப் பார்த்துவிடுவோம். அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் '1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல்' என்று இருக்கும். டிஸ்டார்ஷன் என்றால் ஒலிச் சிதைவு. மேனுவலின் கடைசிப் பக்கங்களில் '20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓம், 2 சேனல்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 80, 90 என்ற அளவில்தான் எண் இருக்கும். நம்ப வேண்டியது அதைத்தான். ஏழு சேனலும் சேர்ந்து இழுத்தால் அதுவும் குறையும், ஏனென்றால் ஏழுக்கும் பவர் சப்ளை ஒன்றுதான். ஆனால் எந்தப் படத்திலும் ஏழு சேனலும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவது அபூர்வம். அதனால் அதைப் பெரிய குறையாக நினைக்க வேண்டாம்.

வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். 90 வாட் ரிசீவரோடு 180 வாட் ஆம்ப் சேர்த்தால், வால்யூம் அரை டெசிபல் படியில் ஏறும் ரிசீவரில் ஆறே படி கூடுதலாகக் கிடைக்கும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று படுவதற்குச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

உங்களுக்கு எத்தனை வாட் தேவை என்பதை ஒரு மல்டிமீட்டரை வைத்து நீங்களே அளந்துவிடலாம். எப்போதும் பார்க்கும் ஆக்‌ஷன் படத்தை உங்களால் தாங்க முடிகிற அதிகபட்ச வால்யூமில் ஓடவிட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசீவரை அணைத்து, முன்பக்க ஸ்பீக்கர் இரண்டின் வயரையும் ரிசீவர் பக்கம் கழற்றுங்கள். பிறகு 'ஸ்டீரியோ' மோடில் 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை, முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே பதிவானதை, யுஎஸ்பியிலிருந்து ஓட்டுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இடது ஸ்பீக்கர் முனை இரண்டிலும் புரோபை வையுங்கள். இரண்டு புரோபும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. இப்போது வால்யூமைக் குறித்து வைத்த எண்ணுக்கு ஏற்றுங்கள்.

மீட்டர் காட்டுவதை 4ஆல் பெருக்குங்கள், 12 டெசிபல் என்றால் வோல்ட்டில் நான்கு மடங்கு. வந்ததை வர்க்கப்படுத்தி ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால் உச்சகட்டத் தேவை வாட்டில் வந்துவிடும். மீட்டர் 3.5 காட்டினால் 14 வோல்ட். 14×14 என்பது 196, அதை 6ஆல் வகுத்தால் 33 வாட். இருக்கிற ரிசீவரே இதற்குத் தாராளம், பணம் பையிலேயே இருக்கட்டும். 7 வோல்ட் காட்டினால் 130 வாட்டைத் தாண்டுகிறது. அப்போது கடைக்காரர் சொன்னது சரி. (இந்தச் சோதனை டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு மட்டும். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது.)

இரண்டுக்கும் நடுவில் வந்தால், ரிசீவர் மெனுவில் டவரை 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே சப்வூஃபர் பார்க்க வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸாக்குங்கள். கரண்டை அதிகம் தின்னும் அடிச் சுரம் சப்வூஃபருக்குப் போய்விடும். மெனுவில் '4 ஓம்' என்று ஒரு செட்டிங் இருந்தால் தொடாதீர்கள். பல ரிசீவர்களில் அது உள்ளே வோல்டேஜைக் குறைத்து, இருக்கிற வாட்டையும் பிடுங்கிக்கொள்ளும். படத்தின் நடுவே ரிசீவர் தானாக அணைகிறதென்றால், மூடிய ஷோகேஸிலிருந்து அதை முதலில் வெளியே எடுங்கள். மேலே 10–15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். உள்ளே பல்லி போய்ச் சேர்ந்திருக்கிறதா என்றும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

கே: பேஸ் எல்லாப் பாட்டிலும் ஒரே சுரத்தில் 'பூம்' என்கிறது. டேம்பிங் ஃபேக்டர் அதிகமுள்ள பவர் ஆம்ப் போட்டால் இறுகுமா? அறை 14க்கு 11 அடி, டைல்ஸ் தரை. – மதுரை

ப: இறுகாது. டேம்பிங் ஃபேக்டர் என்பது ஸ்பீக்கரின் 8 ஓமை ஆம்ப்பின் உள்தடையால் வகுத்த எண். அது 50 என்றால் உள்தடை 0.16 ஓம், 500 என்றால் 0.016 ஓம். ஆனால் ஸ்பீக்கரின் சுருளே ஐந்தாறு ஓம் தடையோடு அதே பாதையில் உட்கார்ந்திருக்கிறது. ஐந்தோடு சேரும் அந்தப் புள்ளிக்கணக்கைக் காது கண்டுபிடிக்காது.

பூம் என்பது உங்கள் அறையின் குரல். 14 அடி என்பது 4.27 மீட்டர், அந்த நீளத்தில் 40 ஹெர்ட்ஸ் எழும்பி நிற்கும். 11 அடியில் 51 ஹெர்ட்ஸ். ஆம்ப் விமர்சனம் எழுதும் அமெரிக்கர்கள் பலரின் சுவர் ஜிப்சம் பலகை. அது அதிர்ந்து பேஸின் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவர் கிட்டத்தட்ட அத்தனையையும் திருப்பி அடிக்கும். கம்பளம் விரித்தால் கைதட்டும்போது வரும் எதிரொலி குறையுமே தவிர 40 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றுமே இல்லை.

சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் வையுங்கள். பேஸ் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே உயரத்தில் கேட்கிறதோ, சப்வூஃபரின் இடம் அதுதான். அதற்குப் பிறகும் பணம் செலவழிக்க மனம் இருந்தால் ஆம்ப் வேண்டாம், இரண்டாவது சப் வாங்குங்கள். ஒன்று முன்சுவரின் நடுவில், மற்றது பின்சுவரின் நடுவில். இந்த அமைப்பில் 40ம் 51ம் பெருமளவு அடங்கிவிடும்.

கே: என் ரிசீவரில் சப்வூஃபருக்கு மட்டும்தான் ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்புக்குச் சிக்னல் தரும் சாக்கெட்). பவர் ஆம்ப் சேர்க்க வழி உண்டா? – திருச்சி

ப: ஸ்பீக்கர் வயரிலிருந்து, ப்ரீ-அவுட்டில் செருகும் ஆர்சிஏ வயருக்கு மாற்றும் குட்டிப் பெட்டி கிடைக்கிறது. ஆனால் ரிசீவரின் ஆம்ப்பில் பிறந்த டிஸ்டார்ஷனையும் சேர்த்தே அது புது ஆம்ப்புக்கு அனுப்பும். காரில் சப் மாட்டச் சரி, இங்கே வீண். அடுத்த ரிசீவர் வாங்கும்போது எல்லாச் சேனலுக்கும் ப்ரீ-அவுட் இருக்கிறதா என்று பின்பக்கப் படத்தைப் பார்த்து வாங்குங்கள். பவர் ஆம்ப்பை அப்புறம் யோசிக்கலாம்.

கே: மூன்று சேனல் பவர் ஆம்ப் வாங்கி ப்ரீ-அவுட்டில் கொடுத்தேன். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். ஆம்ப்பில் கோளாறா? – சேலம்

ப: பெரும்பாலும் இல்லை. உங்கள் ரிசீவரின் பிளக்கைப் பாருங்கள், இரண்டு பின்தான் இருக்கும். புது ஆம்ப்புக்கு மூன்று பின். இதுவரை எர்த்தோடு ஒட்டாமல் இருந்த கூட்டத்துக்கு ஆம்ப் வழியாக ஒரு எர்த் கிடைத்துவிட்டது. டிஷ் கேபிளோ, கம்ப்யூட்டரோ ஏற்கெனவே இன்னொரு எர்த்தைக் கொண்டுவந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே கரண்ட் சுற்றும். அது ஆர்சிஏ வயரின் வெளிப்பின்னல் வழியாகப் போகும்போது உங்களுக்கு 50 ஹெர்ட்ஸாகக் கேட்கிறது.

ஆம்ப்பை அணைத்து, அதில் செருகிய ஆர்சிஏக்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஆம்ப்பை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் ஸ்பீக்கரில் இரைந்தால்தான் ஆம்ப்பின் மேல் சந்தேகம். (ஸ்பீக்கர் அமைதியாக இருந்து பெட்டி மட்டும் முனகினால் அது டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வு, வேறு கதை.) இரைச்சல் போய்விட்டால், ரிசீவரிலிருந்து எச்டிஎம்ஐ உட்பட எல்லாவற்றையும் உருவிவிட்டு ஆர்சிஏவை மட்டும் மாட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகும்போது 'ம்ம்' வருகிறதோ அதுதான் குற்றவாளி. முக்கால்வாசி அது டிவிக்கோ செட்-டாப் பாக்ஸுக்கோ வரும் கேபிள்தான்.

கேபிள் டிவி என்றால் அந்த வயரில் ஒரு கோஆக்ஸ் ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டிக்கும் குட்டி இணைப்பு) போட்டால் தீர்ந்தது. டிடிஎச் என்றால் அதைப் போடாதீர்கள். டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்கு அதே வயரில்தான் டிசி மின்சாரம் போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துப் படமே வராது. அங்கே ரிசீவருக்கும் ஆம்ப்புக்கும் இடையில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். மலிவானவை அடிச் சுரத்தைக் கொஞ்சம் தின்னும். ஆனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்தானே பார்க்கிறது, தெரியாது. இரண்டு பெட்டியிலும் எக்ஸ்எல்ஆர் (இரைச்சலைத் தவிர்க்கும் மூன்று பின் ஆடியோ சாக்கெட்) இருந்தால் அதற்கு மாறுவது இன்னும் நல்லது. இதற்கெல்லாம் முன்பு, அத்தனை பெட்டியையும் ஒரே 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே போர்டில் மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு முடிந்துவிடும். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஆம்ப்பின் எர்த் பின்னை உடைப்பது, டேப் சுற்றுவது. இரைச்சல் நிற்கும். ஒருநாள் உள்ளே வயர் விட்டுப்போனால் பெட்டியின் உலோகமே 230 வோல்ட்டாகும்.

கே: படத்துக்கு ரிசீவர் போதும். பாட்டுக்கு மட்டும் நல்ல ஸ்டீரியோ ஆம்ப் வேண்டும். ஸ்பீக்கர் ஒரே ஜோடிதான். – யாழ்ப்பாணம்

ப: 'எச்டி (ஹோம் தியேட்டர்) பைபாஸ்' அல்லது 'மெயின் இன்', அதாவது ஆம்ப்பின் வால்யூமைத் தாண்டி நேராக உள்ளே போகும் இன்புட், உள்ள இன்டக்ரேட்டட் ஆம்ப்பாக (ப்ரீ-ஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில்) தேடுங்கள். ரிசீவரின் முன் இடது–வலது ப்ரீ-அவுட் அதற்குள் போகும், ஸ்பீக்கர்கள் இன்டக்ரேட்டடில் இருக்கும். படத்தின்போது வால்யூம் ரிசீவர் கையில். பாட்டின்போது ரிசீவரை அணைத்தே வைக்கலாம். இணைத்தபின், ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து ஸ்பீக்கர்களை அளக்கும் அளவீட்டை மறுபடி ஓட்ட வேண்டும். ஆம்ப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மாறிவிட்டதால் பழைய அளவுகள் செல்லாது. முன் ஸ்பீக்கரின் லெவல் மைனஸ் 12இல் முட்டி நின்றால் கெயின் அதிகம் என்று அர்த்தம்.

பைபாஸ் இல்லாத ஆம்ப்பிலும் சாதாரண ஆக்ஸ் இன்புட்டில் கொடுத்து, வால்யூம் குமிழில் ஒரு இடத்தைக் குறித்து வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் யாராவது குமிழைத் திருப்பிய அன்று சென்டரும் முன் ஸ்பீக்கரும் ஆளுக்கொரு அளவில் கத்தும்.

வெளி டாக் (டிஜிட்டலை அனலாக் ஆக்கும் பெட்டி) வாங்கி ரிசீவரிலேயே செருகப் போகிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று: சாதாரண மோடில் பல ரிசீவர்கள் உள்ளே வரும் அனலாகை மறுபடி டிஜிட்டலாக்கும். அந்த டாக்குக்குக் கொடுத்த காசு அங்கேயே கரையும். 'ப்யூர் டைரக்ட்' போட்டால் அது நடக்காது, ஆனால் அறைத் திருத்தமும் கிராஸ்ஓவரும் சேர்ந்தே போய்விடும்.

கே: ரிசீவரை விற்றுவிட்டு ஏவி ப்ராசஸர் (உள்ளே ஆம்ப் இல்லாத ரிசீவர்), பவர் ஆம்ப் என்று ஒரேயடியாக மாறலாமா? – சிங்கப்பூர்

ப: பவர் ஆம்ப் இருபது வருடம் உழைக்கும், ப்ராசஸர் சீக்கிரம் பழசாகிவிடும். எச்டிஎம்ஐ 2.0 வழியாகப் போனது விநாடிக்கு 18 கிகாபிட், 2.1இன் உச்சம் 48. 2020இல் 2.1 என்று வந்த சில ரிசீவர்களில் சிப் கோளாறால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேம் கன்சோலின் 4கே 120 ஹெர்ட்ஸ் படம் கறுப்பாகிப் போனது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் பொருளுக்கு அதிக விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே கம்பெனியின் ப்ராசஸர், உள்ளே ஆம்ப் இல்லாதபோதும், நிகரான ரிசீவரைவிட விலை கூடுதலாக இருப்பதே வழக்கம்.

எனவே ரிசீவரையே ப்ராசஸராக வையுங்கள். டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச்சை எடுத்துக்கொண்டால், உள்ளே ஒன்பது சேனல் ஆம்ப், 8 ஓமில் இரண்டு சேனல் ஓடும்போது 105 வாட், எல்லாச் சேனலுக்கும் ப்ரீ-அவுட், உள் ஆம்ப்பைத் துண்டிக்கும் ப்ரீ-ஆம்ப் மோடும் உண்டு. முன் மூன்றுக்கு மட்டும் வெளி ஆம்ப் கொடுத்தாலே ரிசீவரின் பவர் சப்ளை மிச்சச் சேனல்களுக்கு விடுபடும். ப்ரீ-அவுட்டில் வோல்ட் போதுமா என்ற பயம் வேண்டாம். 29 டெசிபல் கெயினுள்ள ஆம்ப், 8 ஓமில் 100 வாட் தர 1 வோல்ட்தான் கேட்கும்.

ஸ்பீக்கர் 4 ஓமுக்குக் கீழே இறங்கும் ரகமா, ரிசீவர் அறையின் ஒரு மூலையில், ஆம்ப் பத்து மீட்டர் தள்ளியா, அப்போது எக்ஸ்எல்ஆர் உள்ள ப்ராசஸருக்கு நியாயம் உண்டு.

கே: அமெரிக்காவிலிருந்து மச்சான் பவர் ஆம்ப் கொண்டுவருகிறார். 120 வோல்ட். ஓடுமா? – திருநெல்வேலி

ப: பின்பக்கம் '100–240' என்று இருந்தால் கவலையில்லை, சில கிளாஸ்-டி ஆம்ப்கள் அப்படி வருகின்றன. '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், சேனலுக்கு 200 வாட் ஸ்டீரியோ ஆம்ப்புக்கு 1,000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனாவது. அது வோல்ட்டைத்தான் மாற்றும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும், முனகும். வெளியீடு 120ஐவிட 110 உள்ள ஸ்டெப்-டவுன் எடுத்தால் அந்தச் சுமை கொஞ்சம் குறையும். வாரண்டியை மறந்துவிடுங்கள்.

கே: ஏழில் மீதி இரண்டு சேனலை வைத்துப் பை-ஆம்ப் (ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்) செய்யலாமா? வயரும் தடிமனாக மாற்றவா? – புதுச்சேரி

ப: செய்யலாம், ஆனால் அதே பவர் சப்ளைதான் இரண்டு பக்கமும் ஊட்டுகிறது, கிடைப்பது சொற்பம். செய்தால் ஸ்பீக்கரின் பின்னால் உள்ள உலோகப் பட்டைகளைக் கழற்ற மறக்காதீர்கள், மறந்தால் இரண்டு ஆம்ப்பின் வெளியீடும் ஒன்றோடொன்று மோதும். வயர், வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மல்டி-ஸ்ட்ராண்டே போதும். பத்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பினாலும் 0.14 ஓம்தான். முனையில் ஒரு இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ரிசீவர் ப்ரொடெக்‌ஷனில் போய்விடும். இழைகளை முறுக்கி பனானா பிளக்குக்குள் விட்டு இறுக்குங்கள்.