“மழை அதிகம்” என்றார்கள், கண்மாய் நிறையவில்லை: பருவ முன்கணிப்பை வைத்து என்ன முடிவெடுப்பது?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எனக்கு 6 ஏக்கர் நிலம். அதில் 2 ஏக்கர் கண்மாயின் முதல் மடையை ஒட்டி இருக்கிறது. மீதி 4 ஏக்கர் கடைசியில். கண்மாய் நன்றாகப் பெருகினால்தான் தண்ணீர் எட்டும். சின்னதாக ஒரு பண்ணைக்குட்டை உண்டு. சில வருடங்களுக்கு முன், வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட அதிகமாக இருக்கும் என்று செய்தியில் சொன்னதை நம்பி, 6 ஏக்கரிலும் 140 நாள் நெல்லைப் புழுதியில் (மழைக்கு முன் காய்ந்த மண்ணில்) விதைத்தேன். ஏக்கருக்கு 18,000 ரூபாய் செலவு. கண்மாய் பாதிகூட நிறையவில்லை. கதிர் வரும் நேரத்தில் பயிர் காய்ந்துவிட்டது. இப்போது, எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்தால் மழை பொய்க்கும் என்கிறார்கள். இந்த முன்கணிப்புகளை நம்பலாமா, வேண்டாமா?

பதில்: 1,08,000 ரூபாயும் ஒரு வருட உழைப்பும் கண்முன்னே காய்ந்துபோவது சாதாரண அடி அல்ல. அதற்குப் பிறகும் விதைக்கத்தான் போகிறீர்கள் என்பதால் உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், செய்தியில் நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வடகிழக்குப் பருவத்துக்கான முன்கணிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் நாட்களிலோ வெளியிடும். அது தென் தீபகற்பம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்வது. தமிழ்நாடு, கேரளா, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகா எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பரப்பு முழுவதற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நீண்டகாலச் சராசரி சுமார் 334 மில்லிமீட்டர். அதில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் “இயல்பு” என்று கணக்கு. நெல்லூரில் கொட்டித் தீர்த்து முதுகுளத்தூரில் தூறலோடு நின்றாலும் அந்த முன்கணிப்பு பலித்ததாகவே ஆகும். அதோடு வரைபடமும் வெளியிடுகிறார்கள். அதில் உங்கள் பகுதி என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் மாவட்ட வாரியாகவே மழை அளவைக் கணித்துச் சொல்கிறது. ராமநாதபுரத்துக்கு எவ்வளவு என்று அதில் கிடைக்கும்.

அடுத்தது, “வாய்ப்பு” என்ற சொல். செய்தியாக மாறும்போது முதலில் உதிர்ந்துபோவது இதுதான். உதாரணமாக, உங்கள் பகுதிக்கு இயல்பைவிட அதிகமாகப் பெய்ய 45 சதவீதம், இயல்பாகப் பெய்ய 33 சதவீதம், குறைவாகப் பெய்ய 22 சதவீதம் வாய்ப்பு என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். எந்தத் தகவலும் இல்லாத நிலையில் மூன்றுக்கும் சமமாக 33. ஆக, இது நல்ல செய்திதான். ஆனால் இப்படிச் சொல்லப்பட்ட பத்துப் பருவங்களை எடுத்துக்கொண்டால் அதில் இரண்டு வறண்டுதான் போகும். நீங்கள் விதைத்த வருடம் அந்த இரண்டில் ஒன்றாக இருந்திருக்கலாம். “மழை அதிகம்” என்று கேட்டதும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது அந்த இரண்டு வருடங்களில் ஒன்றாக அமைந்துவிட்டால் என் குடும்பம் தாங்குமா? ஆறு ஏக்கரையும் ஒரே பயிரில் வைத்ததால் உங்களால் தாங்க முடியவில்லை. முன்கணிப்பை நம்பியதில் தவறில்லை, எல்லாவற்றையும் அதன்மேல் வைத்ததுதான் தவறு.

எல் நினோ விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் பெரிய குழப்பம் இருக்கிறது. எல் நினோ என்றால் மழை பொய்க்கும் என்பது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக்குச் சொல்வது. வடகிழக்குப் பருவத்துக்கு அது பல சமயம் சாதகமாகவே இருக்கிறது. 2015-ல் வலுவான எல் நினோ இருந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 சதவீதம் அதிகம். அடுத்த ஆண்டே, 2016-ல், எல் நினோ விலகிய நிலையில் 62 சதவீதம் குறைவு. இதை வைத்து “எல் நினோ வந்தால் நல்லது, லா நினா (அதே கடல் வழக்கத்தைவிடக் குளிர்வது) வந்தால் கெட்டது” என்று எழுதிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். 2021 லா நினா ஆண்டு. அப்போதும் மழை இயல்பைவிட மிக அதிகமாகவே பெய்தது. கடல் மழை வாய்ப்பை ஒரு பக்கம் சாய்க்கிறது, அவ்வளவுதான். உங்கள் கண்மாய்க்கு வைகை வரத்து உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திபனூர் மதகு அணை வழியாகத் தண்ணீர் வரும் கண்மாய் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். வைகைக்குத் தண்ணீர் தரும் பெரியாறு நீர்ப்பிடிப்பில் தென்மேற்குப் பருவம் எப்படிப் பெய்தது என்பதும் அப்போது உங்களைப் பாதிக்கும். அங்கே எல் நினோவின் கெடுதலான பக்கம் வந்து சேரலாம்.

இனி முன்கணிப்பில் சொல்லவே சொல்லாத ஒன்று. மூன்று மாத மொத்த மழை எவ்வளவு என்பதற்கும் கண்மாய் நிறைவதற்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு. நாற்பது நாள் நசநசவென்று தூறினால் பயிர் பச்சையாக நிற்கும், ஆனால் வரத்துக் கால்வாயில் தண்ணீர் ஓடாது. இரண்டு நாள் விடாமல் கொட்டினால் மேலே இருக்கும் கண்மாய்கள் நிறைந்து, கலுங்கு (உபரிநீர் வெளியேறும் வழி) வழியே மறுகால் போய், அது அடுத்ததை நிரப்பி, அப்புறம்தான் உங்களுடையதற்கு வரும். உங்கள் கண்மாய் அந்தச் சங்கிலியில் எத்தனையாவது என்பது எந்த வானிலை வரைபடத்திலும் இருக்காது, ஆனால் தண்ணீர் பங்கிட்டு விடும் உங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும். 2023-ஐ நினைத்துப் பாருங்கள். மாநிலம் முழுவதற்குமான பருவ மொத்தம் இயல்பை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் டிசம்பர் 17, 18 தேதிகளில், அதாவது மார்கழி பிறந்த கையோடு, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. “கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை” என்று சொல்லிவந்த ஊர்களில் குளங்கள் உடைந்தன.

சரி, அப்படியானால் முன்கணிப்பால் என்னதான் பயன்? ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் கைவசம் இருக்கும் தகவலுக்கு ஏற்ப எவ்வளவு பணத்தை மண்ணில் போடுவது என்று தீர்மானிக்கத்தான் முன்கணிப்பு.

நீங்கள் புழுதியில் விதைப்பது ஆவணி கடைசி, புரட்டாசியில். அதாவது முன்கணிப்பு வருவதற்கு முன்பே, அல்லது வரும் சமயத்தில். அதனால் எந்த ரகம் என்பதை முன்கணிப்பைக் கேட்காமலேயே முடிவு செய்துவிடலாம். ஒரு கணக்குப் பாருங்கள். அக்டோபர் 10 வாக்கில் மழை விழுந்து விதை முளைக்கிறது. நெல் பொதுவாக அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு பூக்கும். 105 நாள் ரகம் என்றால் டிசம்பர் 24-ஐ ஒட்டிப் பூக்கும். அப்போது வானத்திலும் மழை இருக்கும், கண்மாயிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். 140 நாள் ரகம் ஜனவரி 28-ல்தான் பூக்கும். அந்த நேரத்தில் மழையை எதிர்பார்க்க முடியாது, முழுக்க முழுக்கக் கண்மாயை நம்பித்தான் இருக்க வேண்டும். உங்கள் பயிர் கதிர் வரும்போது காய்ந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அண்ணா 4, வறட்சி தாங்கும் குறுகிய கால ரகம். 100 முதல் 105 நாள். மழை நன்றாகப் பெய்யும் வருடத்தில் நீண்டகால ரகத்தைவிட விளைச்சல் குறையலாம். அந்தக் குறைவைக் காப்பீட்டுக்குக் கட்டும் பணம் போலத்தான் நான் பார்க்கிறேன். விதையை 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். முளைத்த பிறகு பத்து நாள் மழை விட்டாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

முதல் மடையை ஒட்டிய 2 ஏக்கரில் எந்த முன்கணிப்பு வந்தாலும் இந்த நெல்லை விதையுங்கள். முன்கணிப்புக்கு வேலை இருப்பது அந்தக் கடைசி 4 ஏக்கரில்தான். மாவட்ட முன்கணிப்பு தெளிவாக அதிக மழைப் பக்கம் சாய்ந்தால் அதில் 2 ஏக்கருக்கு நெல்லை நீட்டலாம், மீதி 2 ஏக்கரில் குதிரைவாலி. மூன்று வாய்ப்பும் சமமாகவோ, குறைவுப் பக்கமோ இருந்தால் நான்கிலும் குதிரைவாலியே போதும். மூன்று மாதப் பயிர்; நெல்லுக்கு ஆகும் செலவு ஆகாது; வறட்சியும் தாங்கும், கொஞ்ச நாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும். முன்கணிப்பு பொய்த்து மழை கொட்டினாலும் பெரிய நஷ்டம் வரும் வாய்ப்பு குறைவு.

விதைத்த பிறகு பருவ முன்கணிப்பை மறந்துவிடுங்கள். அதன் வேலை முடிந்துவிட்டது. வியாழக்கிழமைதோறும் வானிலைத் துறை அடுத்த சில வாரங்களுக்கான போக்கைச் சொல்கிறது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கை ஐந்து நாள் முன்னறிவிப்போடு வரும்; மேகதூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். மேலுரம் போடும் நாளை இதை வைத்துத் தீர்மானியுங்கள். மண்ணில் ஈரம் இல்லை, ஐந்து நாளைக்கு மழையும் இல்லை என்றால் யூரியா மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். பயிர் போனாலும் அந்தப் பணமாவது கையில் நிற்கும்.

கார்த்திகையில் பார்க்க வேண்டியது கண்மாயை. சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மடைத் தூணை ஒட்டி இறங்கும் கல்படிகளைக் காட்டி அங்கிருந்த பெரியவர் சொன்னார்: “ஏழாம் படி முங்கினா ஊருக்கே நெல்லுங்க. அஞ்சாம் படியில நின்னா கீழ்மடைக்காரங்க ஆசையை விட்டுறணும்.” பாசி படிந்த அந்தப் படிகளில் இருந்த கணக்கு எந்தக் கணினியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் மடையிலும் இப்படி ஓர் அடையாளம் இருக்கும். இல்லையென்றால் சுண்ணாம்பால் கோடு போட்டு, எந்தத் தேதியில் எந்தக் கோடு வரை தண்ணீர், எத்தனை ஏக்கர் தேறியது என்று நோட்டில் எழுதிவாருங்கள். கார்த்திகை கடைசியில் உள்ள நீர்மட்டமே தை மாதத்துக்கான உங்கள் முன்கணிப்பு. அன்று ஆயக்கட்டுக்காரர்கள் (கண்மாய்ப் பாசன விவசாயிகள்) எல்லோரும் உட்கார்ந்து பேசி, எத்தனை ஏக்கரைக் காப்பாற்ற முடியுமோ அதற்கு மட்டும் தண்ணீர் விடுவது என்று முடிவெடுத்தால், எல்லோருக்கும் அரைகுறையாக விட்டு மொத்தமும் மணி பிடிக்காமல் சாவியாகப் போவதைத் தவிர்க்கலாம். இதைப் பேசுவது எளிதில்லை என்று தெரியும். தண்ணீர் குறைவதற்கு முன்பே, புரட்டாசியிலேயே பேசி வைத்தால் சண்டை குறைகிறது.

பண்ணைக்குட்டையின் அளவை நீங்கள் சொல்லவில்லை. 30-க்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், சரிவான கரை என்று வைத்தால் சுமார் 1,450 கன மீட்டர் பிடிக்கும். ஆவியாகியும் கசிந்தும் பாதி போனாலும் 700 கன மீட்டர் மிஞ்சும். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 200 கன மீட்டர் வேண்டும். ஆக, மூன்று ஏக்கருக்கு ஒரே ஒரு தண்ணீர். அதை முன்கூட்டியே செலவழித்துவிடாமல் தொண்டைக்கதிர் பருவத்துக்கு (கதிர் வெளிவருவதற்குச் சற்று முந்தைய நிலை) என்று வைத்திருங்கள். அந்த ஒரு தண்ணீர்தான் நெல்லையும் பதரையும் பிரிக்கும்.

கடைசியாகப் பயிர்க் காப்பீடு. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் உங்கள் பங்கு. வழக்கமாக நவம்பர் 15 வரை அவகாசம்; கடைசி வாரம் கூட்டத்தில் நிற்காமல் அடங்கல் (கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று) வாங்கி அக்டோபரிலேயே கட்டிவிடுங்கள். மழை அதிகம் என்று முன்கணிப்பு வந்த வருடத்தில் காப்பீட்டை விட்டுவிடுபவர்கள் நிறைய. வெள்ளத்தில் போகும் பயிரும் பயிர்தான். மழையே இல்லாமல் உங்கள் வருவாய் கிராமத்தில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்க முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும் என்ற விதியும் இருக்கிறது. உங்கள் வயலில் மட்டும் ஏற்படும் சேதம் காப்பீட்டில் அடங்கும் வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

கண்மாய்க்கு வைகை வரத்து உண்டா, குட்டையின் நீள அகலம் என்ன, கடந்த ஐந்து வருடங்களில் எந்தெந்த வருடம் மறுகால் போனது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அந்த 4 ஏக்கருக்கான கணக்கை இன்னும் துல்லியமாகப் போட்டுத் தருகிறேன். ஆவணி பிறப்பதற்கு முன் வந்தால் விதை வாங்குவதற்கு உதவும்.