இடுப்பளவு டைல்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் என் கணவரும் ஒரு பழைய வீட்டைப் பார்த்திருக்கிறோம். கட்டி எழுபது, எண்பது வருடம் இருக்கும். மனை பெரியது, வீடு அதில் கால் பங்கைக்கூட அடைக்கவில்லை. பின்னால் ஒரு கிணறு, சுவரை ஒட்டி ஒரு பெரிய மரம். தரகர் "வீட்டுக்கு விலை கிடையாது, மண்ணுக்குத்தான் விலை" என்கிறார். கணவரின் அண்ணன் இடித்துவிடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. உயரமான கூரையும் தடித்த சுவர்களும் பார்த்ததுமே பிடித்துவிட்டன. உள்ளே சுத்தமாக வைத்திருக்கிறார்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்து, கூடத்தில் சுற்றிலும் இடுப்பளவுக்கு டைல்ஸ்கூட ஒட்டியிருக்கிறார்கள்.

பழைய வீட்டின் மதிப்பு உண்மையிலேயே பூஜ்யம்தானா? பழைய வயரிங்கையும் குழாய்களையும் நம்பலாமா? ஒரு மூலையில் விரிசல் இருக்கிறது, அது ஆபத்தா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் மூன்று கேள்விகளையும் படித்தேன். ஆனால் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது நீங்கள் கேட்காத ஒன்று. கூடத்தில் இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி. குளியலறையில் ஒட்டுவார்கள், சமையலறையில் ஒட்டுவார்கள். கூடத்தில், அதுவும் விற்பதற்கு முன்னால், சுற்றிலும் இடுப்பளவுக்கு ஏன் ஒட்டினார்கள் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லையா?

சுவரில் ஓதம், அதாவது மண்ணிலிருந்து வரும் ஈரம், ஏறும் உயரம் பெரும்பாலும் அதுதான் அம்மா. முழங்காலில் தொடங்கி இடுப்பு வரை, சுமார் ஒரு மீட்டர்.

போன மாதம் எங்கள் பக்கத்து மனையில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். சுவர் விழுந்தபோது நின்று பார்த்தேன். மேற்பகுதியில் செங்கல் காய்ந்து, உறுதியாக, அடுக்கி எடுத்து இன்னொரு வீடு கட்டும் தரத்தில் இருந்தது. கீழே மூன்று அடி மட்டும் கறுத்து, கையால் பிசைந்தால் உதிர்ந்தது. அந்த மூன்று அடிக்காக முழு வீட்டையும் இடித்தார்கள். அன்றிலிருந்து இதே நினைவாக இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

நடப்பது இதுதான். மண்ணிலிருக்கும் ஈரம் செங்கலின் நுண்துளைகள் வழியாகச் சுவரில் ஏறுகிறது, மண்ணின் உப்பையும் கரைத்துக்கொண்டு. சுவரின் முகத்துக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். உப்பு படிகமாகும்போது துளைகளுக்குள் நெருக்கும். அதனால்தான் பூச்சு பொரிந்து கொட்டுகிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். தான் உதிர்ந்தாலும் செங்கலைக் காப்பாற்றும். உதிர்ந்த இடத்தில் மறுபடி காரை பூசினால் போதும். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824இல். அது உலகமெங்கும் பரவிய பிறகும்கூடப் பல இடங்களில் வெகுகாலம் சுண்ணாம்பில்தான் வீடு கட்டினார்கள். உங்கள் வீடு எதில் கட்டியது என்று தெரியவேண்டுமானால், வெளிச்சுவரில் பூச்சு போன இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே சாவியால் கீறிப் பாருங்கள். வெளுப்பாகப் பொடி உதிர்ந்தால் அநேகமாகச் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக, சாவிக்கு மசியாமல் இருந்தால் சிமெண்ட்.

அப்படிப்பட்ட சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசுவதும் டைல்ஸ் ஒட்டுவதும் ஈர உடம்பின் மேல் ரப்பர் கோட்டு மாட்டுவதற்குச் சமம். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். எனவே அடுத்த முறை போகும்போது டைல்ஸைப் பார்க்காதீர்கள்; டைல்ஸ் முடிகிற கோட்டுக்கு மேலே ஒரு சாண் பாருங்கள். அதே சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். சுவரோடு சேர்ந்த அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதுப் பெயிண்ட் வாசனையில் மயங்கி ஒரு வீட்டைச் சுத்தம் என்று முடிவுகட்டும் அவசரத்தை விட்டுவிடுங்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கப் போகிறவர் இப்படிப் பார்க்கக் கூடாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது? மனையிலிருந்து. வீடு தனி, மண் தனி என்று உங்கள் தரகர் பிரிக்கிறாரே, அந்தக் கணக்கே தவறு. மனை பெரிதாக இருந்தால் அதில் விழும் மழையும் அதிகம். மனை வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் அவ்வளவு தண்ணீரும் கடைக்காலைத் தேடித்தான் வரும். மனை பெரிது, கிணறு பின்னால், மரம் சுவரை ஒட்டி என்று எழுதினீர்கள். எந்தப் பக்கம் சரிவு என்று ஒரு சொல் இல்லை.

நான் வளர்ந்த வீட்டில் முன்வாசலுக்கு மூன்று படிகள் இருந்தன. முற்றத்தில் மழைநீர் தேங்கும் போதெல்லாம் ஒரு வண்டி மண் கொண்டுவந்து கொட்டுவார்கள். எனக்கு மீசை முளைத்தபோது ஒரே ஒரு படிதான் மிச்சம். வீடு இறங்கிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். வீடு இம்மிகூட இறங்கவில்லை, மண்தான் ஏறியிருந்தது. பாட்டியின் அறை பின்பக்கம். சுவர் எப்போதும் சில்லென்றிருக்கும். அவள் தன் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி நகர்த்தி, கடைசியில் அறை நடுவில் போட்டுக்கொண்டாள். யாரிடமும் குறை சொல்லவில்லை. மூன்று முறை பூச்சைக் கொத்தி எடுத்துச் சிமெண்ட் பூசினார்கள், மூன்று முறையும் கொட்டியது. நான்காவதாக வந்த வயதான கொத்தனார் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வெளியே சுற்றி நடந்து, பாட்டியின் அறைக்குப் பின்னால் நின்று, கடப்பாரையால் சுவரோரம் ஒரு முழம் தோண்டினார். மண்ணுக்குள்ளிருந்து இரண்டு காற்றுத் துவாரங்கள் வெளிவந்தன. அந்தச் சுவர் கட்டப்பட்டபோது அவை தரைக்கு மேலே இருந்தவை. சுற்றிலும் மண்ணை வெட்டி இறக்கி, சரிவு கொடுத்து, கூரைத் தண்ணீரைக் குழாயில் தூரமாகக் கொண்டுபோனார்கள். பூச்சு வேலையை ஒரு வருடத்துக்கும் மேல் தொடவிடவில்லை அந்த மனிதர். தடித்த சுவர் காய, ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொன்னார். சுவர் காய்ந்தது. பாட்டி கட்டிலை மறுபடி சுவரோரம் போட்டுக்கொண்டாள்.

இது அவர் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே, ஓயாமல் ஈரம் கசியும் சுவருக்கு முன்னால் இடைவெளி விட்டு மெல்லிய இன்னொரு சுவர் எழுப்பி, நடுவே தரை மட்டத்துக்குக் கீழே ஒரு வாய்க்கால் வெட்டி, காற்றுப் போக வழி வைக்கச் சொன்னார். ஈரத்துக்கு வெளியேற வழி விட்டார். நாம் டைல்ஸ் ஒட்டுகிறோம்.

ஆகவே முதலில் வீட்டைச் சுற்றி வெளியே நடங்கள். உள்தளம் வெளி மண்ணைவிட எவ்வளவு உயரம்? அரை அடிக்குக் குறைந்தால் கவலைப்பட வேண்டும். படிகளில் கடைசிப் படி பாதி புதைந்திருக்கிறதா? கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை வாங்கிக்கொண்டு போய், சுவரிலிருந்து பத்தடி தள்ளி மண் எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அரை அடியாவது தாழவேண்டும். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 150 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3000 லிட்டர். அவ்வளவும் சுவர் காலடியில் கொட்டினால் எந்தச் சுவர் தாங்கும்? முடிந்தால் கொட்டும் மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். நல்ல வெயிலில் வீட்டைக் காட்டத்தான் எல்லாரும் ஆசைப்படுவார்கள்.

வயரிங், குழாய் பற்றிக் கேட்டீர்கள். முழுதாக மாற்றவேண்டும் என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. விரிசலின் குறுக்கே ஒரு பட்டை பூச்சு வைத்துத் தேதி எழுதச் சொல்லுங்கள். பட்டை வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்திருந்தாலோ, மேலே அகன்று கீழே குறுகியிருந்தாலோ கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசலுக்குப் பயந்து மரத்தை வெட்டிவிடாதீர்கள். களிமண் நிலமாக இருந்தால், இத்தனை வருடம் மரம் உறிஞ்சிய நீரெல்லாம் மண்ணிலேயே தங்கி, மண் உப்பிச் சுவரைத் தூக்கும்.

மதிப்பு பூஜ்யமா என்ற கேள்விக்கு டைல்ஸுக்குப் பின்னால்தான் பதில் இருக்கிறது. கூடத்தில் ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள், திரும்ப ஒட்டும் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். மறுத்தால் அந்தச் சுவர் முழுவதும் கெட்டதாகவே கணக்குப் போட்டு விலை பேசுங்கள். பின்னால் ஈரம் இருந்து, வெளியே மண் ஏறியிருந்தால் பயப்படாதீர்கள், அது மண்வெட்டியால் தீர்கிற நோய். வெளியே மண் தாழ்ந்து, சரிவும் சரியாக இருந்து, அப்போதும் சுவர் நனைந்திருந்தால் குழாய்க் கசிவோ நிலத்தடி நீரோ காரணமாக இருக்கலாம். அது தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செப்டிக் டேங்க் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பழைய மனைகளில் அது எங்கே இருக்கிறது என்று விற்பவருக்கே பல சமயம் தெரியாது. தோண்டி மூடியைக் காட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து கிணற்றுக்குக் குறைந்தது 15 மீட்டராவது இருக்கிறதா என்று அளந்து, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.